எலி பிடிக்காத எள்ளு

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அத்தையும் சுகமாக இருக்கிறோம். இஸ்திரி மேசையில் ஆவி பட்டதாக எழுதியிருந்தாயே, அந்த மணிக்கட்டுப் புண் ஆறிவிட்டதா? விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

நீ பேருந்து ஏறிப் போனதிலிருந்து உன் பூனைக்குட்டி உன் பழைய துண்டின் மேலேயே உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. துணித் தொழிற்சாலை விடுதியில் பூனைக்கு இடமில்லை என்பதை அதற்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அத்தையின் பால் பாத்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு, வெளியே எடுக்கத் தெரியாமல், பாத்திரத்தோடு அறை முழுக்க முட்டிக்கொண்டு ஓடியது. அத்தை சொல்லிவிட்டார்: "ஒண்ணு இது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். நான் எங்கயும் போறதா இல்ல."

அதனால் பையில் போட்டு விதைக் கடைக்கு எடுத்துப் போனேன். பின் அறையில் நான் விதை உறை ஒட்டுகிற மேசைக்கு அடியில்தான் வைத்திருந்தேன். எப்போது நழுவியதோ தெரியாது. முதலாளி வெள்ளரி விதை எடுக்கப் பெட்டியைத் திறந்தால் தகரக் கரண்டிக்குள் சுருண்டு தூங்குகிறது. கரண்டியோடு தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினார். "இது என்ன விதை? எத்தன நாள்ல முளைக்கும்?"

எனக்கு வழக்கம்போலப் பேச்சு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் நின்றுகொண்டே இருப்பேனே, அப்படி நின்றேன். மூட்டை தைத்துக்கொண்டிருந்த அத்தைதான் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "பூனை. எலி பிடிக்கும்" என்றார். வீட்டில் விரட்டியவரே கடையில் காப்பாற்றிவிட்டார்.

"பிடிச்சா இருக்கட்டும். ஆகஸ்ட் கடைசில புது விதை இறங்கும். அதுக்குள்ள ஒரு எலியாவது பிடிச்சுக் காட்டணும். இல்லன்னா என் மச்சானோட மாவு மில்லுக்கு அனுப்பிடுவேன்" என்றார் முதலாளி.

கறுப்பாகவும் சின்னதாகவும் இருப்பதால் எள்ளு என்று பெயர் வைத்திருக்கிறேன். உனக்குப் பிடிக்காவிட்டால் மாற்றிவிடுகிறேன்.

நீ சொல்கிறபடி நடக்கும்,
தங்கை


ஜனவரி 29

அன்புக் குட்டிக்கு,

புண் ஆறிவிட்டது. தோல் மட்டும் வேறு நிறத்தில் இருக்கிறது. சாப்பாடு சூடாக இருக்கிறது, அதற்கு மேல் கேட்காதே. அத்தையின் முதுகுவலி தேவலையா?

எள்ளு நல்ல பெயர், மாற்றாதே. என் அறையில் இருக்கிற பெண்களுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கரண்டிக் கதையை மறுபடியும் படிக்கச் சொன்னார்கள்.

இதோடு ஒரு சிவப்புக் கழுத்துப்பட்டை அனுப்பியிருக்கிறேன். மணியும் இருக்கிறது. எக்காரணம் கொண்டும் கழற்றாதே. எங்கே போனாலும் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். விருந்தாளி வந்தால் நீ கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாயே, அப்போதே உனக்கும் இப்படி ஒன்று கட்டியிருந்தால் அம்மாவுக்குத் தேடுகிற வேலை மிச்சமாகியிருக்கும்.

தனி அறை கிடைத்ததும் உன்னையும் எள்ளுவையும் இங்கே கூட்டி வந்துவிடுவேன். அதுவரை பயப்படாமல் இரு. இன்னொன்று. கடிதம் முழுக்கப் பூனைதான் இருக்கிறது. அடுத்த தடவை உன்னைப் பற்றியும் எழுது.

அன்புடன்,
அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தையின் முதுகு வெயில் வந்ததும் சரியாகிவிட்டது. உனக்கு இரவு வேலை போட்டிருப்பதாக எழுதியிருந்தாய். தூக்கம் போதுகிறதா?

என்னைப் பற்றி எழுதச் சொன்னாய். காலையில் கடைக்குப் போகிறேன், உறை ஒட்டுகிறேன், சாயங்காலம் வருகிறேன். இனி எள்ளுவைப் பற்றி எழுதுகிறேன்.

எள்ளுவுக்கு நடக்கத் தெரியாது. ஓடும், இல்லாவிட்டால் தூங்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே தூங்கியும் விடும். பசைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் என் விரல் அசைந்தால் போதும், பாய்ந்து கவ்வும். விரலெல்லாம் கீறல். அதனால் கையைக் கொடுப்பதை நிறுத்திவிட்டுக் கிழிந்த உறையைக் கசக்கிப் பந்தாக்கிப் போடுகிறேன். பந்தை உடனே பிடிக்காது. முதலில் மூட்டைக்குப் பின்னால் போய்ப் பதுங்கும். வயிற்றைத் தரையோடு ஒட்டிவைத்து, பின்பக்கத்தை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டும். பிறகுதான் பாய்ச்சல். பாதி நேரம் பந்தைத் தாண்டிப் போய்ச் சுவரில் மோதிக்கொள்ளும். மோதியதும் உட்கார்ந்து காலை நக்கும், அதற்காகவே அங்கே வந்ததுபோல.

சூரியகாந்தி மூட்டை அடுக்கின் உச்சிக்கு ஏறிவிடும். இறங்கத் தெரியாமல் அழும். நான் ஏறி இறக்கிவிடுவேன். திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடியும் மேலே நிற்கும்.

முதலாளி கல்லாவிலிருந்து இதையெல்லாம் பார்க்கிறார். "பயிற்சி பலமாத்தான் இருக்கு. எதிரியத்தான் காணோம்" என்றார் நேற்று.

எனக்கு ஒரு கவலை. தாய்ப் பூனைதான் குட்டிக்கு எலியைக் கொண்டுவந்து போட்டுப் பழக்குமாம். நாம் இதைக் கண் திறந்த கொஞ்ச நாளிலேயே வாய்க்காலிலிருந்து எடுத்து வந்துவிட்டோம். இதற்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள்? எனக்கும் எலி பிடிக்கத் தெரியாது.

நீ சொல்கிறபடி நடக்கும்,
தங்கை


ஏப்ரல் 9

அன்புக் குட்டிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். பகலில் தூங்கப் பழகிவிட்டேன். உன் விரல் கீறலுக்கு மருந்து போட்டாயா?

எலி பிடிக்கக் கற்றுத் தராமல் போனதற்கு நம் வீட்டில் யாரையும் குறை சொல்ல முடியாது. கவலைப்படாதே. பிடிக்காவிட்டால் நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். அதைத் துரத்துகிற இடத்தில் நீ மட்டும் ஏன் இருக்க வேண்டும்?

இங்கே என் மேசைக்கு எதிர் மேசைப் பெண் தினமும் கேட்கிறாள்: "இன்னிக்கு எள்ளு எங்க மோதிக்கிச்சு?" கடிதம் வராத நாளில் நானே ஏதாவது கட்டிச் சொல்கிறேன். சீக்கிரம் எழுது. பட்டை அழகாக இருக்கிறதா? சொல்லவே இல்லையே.

அன்புடன்,
அக்கா


ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் வந்து வெகுநாளாகிறது, தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உங்கள் பக்கம் வெயில் குறைந்துவிட்டதா?

எள்ளு குட்டியும் இல்லை, பெரிய பூனையும் இல்லை. கால்கள் நீண்டுவிட்டன. அந்தக் கால்களை என்ன செய்வது என்று அதற்கு இன்னும் தெரியவில்லை. வாடிக்கையாளர் உள்ளே வந்தால் மூட்டைக்குப் பின்னாலிருந்து பாய்ந்து கணுக்காலைக் கட்டிப்பிடிக்கிறது. சொன்ன பேச்சு எதையும் கேட்பதில்லை. 'வேண்டாம்' என்று சொன்னால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் செய்கிறது. "இதுக்கு உன்ன மாதிரி கூச்சம் இல்ல. உனக்கும் சேத்து இதுவே பேசும் போல" என்கிறார் அத்தை.

போன மாதம் ஒரு வாரம் உருண்டு புரண்டு ஊளையிட்டது. தெருவில் இருக்கிற ஆண் பூனைகளெல்லாம் கடை வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டன. முதலாளி, "வாடிக்கையாளர் கூட்டம் கூடிப் போச்சு, வியாபாரத்தத்தான் காணோம்" என்றார். அத்தையும் நானும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் குட்டி போடாதபடி அறுவை செய்து கூட்டி வந்தோம். மருத்துவர் கேட்டதற்கெல்லாம் அத்தைதான் பதில் சொன்னார். இப்போது ஊளை இல்லை.

அதற்குப் பிறகுதான் அந்தக் காரியம் நடந்தது. மேசையில் ஒரு தட்டில் முட்டைக்கோஸ் விதை, ஒரு தட்டில் காலிஃப்ளவர் விதை. எள்ளு அலமாரியிலிருந்து குதித்தது. இரண்டும் கலந்துவிட்டன. அவை இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. உலகத்தில் யாராலும் இனி பிரிக்க முடியாது. முளைத்து இலை விட்டால்தான் தெரியும்.

முதலாளி இரண்டு தட்டையும் ஒரே டப்பாவில் கொட்டி மூடினார். "ஆகஸ்ட்டுன்னு சொன்னேன். ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

நீ சொல்கிறபடி நடக்கும்,
தங்கை


ஜூலை 15

அன்புக் குட்டிக்கு,

உடம்பு சரியாக இருக்கிறதா? உன் கையெழுத்து கொஞ்சம் மாறியிருக்கிறது. எழுத்துகள் பெரிதாகியிருக்கின்றன. கண்ணைப் பார்த்துக்கொள்.

போன வாரம் அத்தையும் ஒரு தபால் அட்டை போட்டிருந்தார். எள்ளு இப்போதெல்லாம் மடியில் உட்காருவதில்லையாம், பந்தைப் போட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லையாம். நீ ஏன் இதை எழுதவில்லை? எனக்கு மனது கேட்கவில்லை. அதற்கு ஏதோ வந்திருக்கிறது. உடனே மருத்துவரிடம் காட்டு. அறுவை செய்த இடத்தில் வலி இருக்கலாம். புதிதாக ஒரு பந்து வாங்கி அனுப்புகிறேன், உள்ளே ஏதோ கிலுகிலுக்கும். மடியில் பிடித்து உட்காரவைத்துத் தடவிக்கொடு, பழைய எள்ளு திரும்பி வந்துவிடும்.

பட்டை பற்றி மறுபடியும் கேட்கிறேன். மணி ஒழுங்காக அடிக்கிறதா?

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். என் கண்ணில் ஒன்றுமில்லை. பந்து வந்து சேர்ந்தது. நீ நிற்கிற வேலையில் இருக்கிறாய், கால் வீங்கினால் இரவில் தலையணை மேல் வைத்துக்கொள்.

எள்ளுவுக்கு நோய் எதுவும் இல்லை அக்கா. அது பெரியதாகிவிட்டது.

எப்படிச் சொல்வதென்று யோசித்து யோசித்துத்தான் எழுதாமல் இருந்தேன். கூப்பிட்டால் முன்பு உருண்டுகொண்டு ஓடி வரும். இப்போது கூப்பிட்டால் காது மட்டும் வருகிறது. உடம்பு அசையாது, முகம் திரும்பாது, ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பி நிற்கும். கேட்கவில்லை என்று நினைக்காதே. எல்லாம் கேட்கிறது. வருவதா என்பதை அது யோசிக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, நான் மறந்தே போன பிறகு, பக்கத்தில் வந்து எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரும். முதலில் கோபம் என்று நினைத்தேன். தெருவில் நாய் வந்தால், தெரியாத ஆள் வந்தால், அது ஒருபோதும் முதுகைக் காட்டுவதில்லை. என்னிடம் மட்டும்தான் காட்டுகிறது.

முன்பு மாதிரி கடிப்பதும் இல்லை. சில நேரம் என் விரலைப் பல்லுக்கு நடுவில் எடுத்துக்கொண்டு அப்படியே வைத்திருந்துவிட்டு விட்டுவிடும். பல் அதே பல்தான். எவ்வளவு அழுத்தலாம் என்பது தெரிந்துவிட்டது.

குதிப்பதற்கு முன்னால் இப்போது பார்க்கிறது. இடத்தைப் பார்த்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, பிறகு போய்ச் சேர்ந்திருக்கும். நடுவில் குதித்ததை நாம் பார்த்திருக்க மாட்டோம். நேற்று மேசை முழுக்க விதைத் தட்டுகள் பரப்பியிருந்தேன். எள்ளு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குத் தட்டுகளுக்கு இடையில் நடந்து வந்தது. ஒரு விதை அசையவில்லை. முன்னங்கால் வைத்த இடத்திலேயே பின்னங்காலையும் வைத்தது. நான் பசைக் குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் கடை திறந்ததும் ஒரு சுற்று வரும். வெள்ளரி, பூசணி, சூரியகாந்தி என்று வரிசையாக ஒவ்வொரு மூட்டையிலும் கன்னத்தைத் தேய்க்கும். ஒன்றைக்கூட விடாது. பிறகு உச்சி மூட்டையில் ஏறிப் படுத்துக்கொள்ளும். அழாமல் இறங்கவும் செய்யும்.

ஒன்றுதான் மிச்சம். இன்றைய தேதி வரை ஒரு எலிகூடப் பிடிக்கவில்லை. முதலாளி நாட்காட்டியைப் பார்க்கிறார். நான் ஏதாவது பேச வேண்டும். தினமும் பேசலாம் என்று கல்லா வரை போகிறேன். பசை தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வருகிறேன். பசை டப்பா நிறைய சேர்ந்துவிட்டது.

நீ சொல்கிறபடி நடக்கும்,
தங்கை


செப்டம்பர் 26

அன்புக் குட்டிக்கு,

நீயும் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்? நடுவில் நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. எதிர் மேசைப் பெண் எள்ளுவைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்டால் என் முகம் மாறுகிறதாம்.

நல்ல செய்தி சொல்கிறேன். என்னை மேற்பார்வைக்குப் போட்டிருக்கிறார்கள். தனி அறை எடுத்துவிட்டேன். இரண்டு ஜன்னல் இருக்கிறது, ஒன்றில் காலை வெயில் வருகிறது. இரண்டு கட்டில் போட்டிருக்கிறேன். பக்கத்துத் தெருவில் மாலை வகுப்பு நடக்கிறது, விட்ட இடத்திலிருந்து படிக்கலாம். யாரும் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்க மாட்டார்கள், நான் விசாரித்துவிட்டேன். கடைக்குப் போகவும் வேண்டாம், யாரிடமும் பேசவும் வேண்டாம். எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

எள்ளுவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. எப்போது வருகிறாய் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அக்கா


அக்டோபர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நலம். மேற்பார்வை வேலை கிடைத்தது பற்றி அத்தைக்கு ஒரே பெருமை, தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். இனி இஸ்திரிப் பெட்டி உன் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கும் என்பதில் எனக்கு நிம்மதி.

எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. புது விதை இறங்கிய அன்று முதலாளி எள்ளுவைக் கூடையில் போட்டு மூடி மாவு மில் வண்டியில் ஏற்றிவிட்டார். நான் உறை ஒட்டிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. அன்று ஒட்டியதில் பாதி உறை தலைகீழாக இருந்தது என்று அத்தை பிறகு சொன்னார். உன் பூனை போய்விட்டது என்று உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை.

கொஞ்ச நாளில் சூரியகாந்தி மூட்டைக்கு அடியில் எலி கொறித்துப் போட்ட விதைத் தோல் கிடந்தது. பிறகு வெள்ளரி மூட்டையில் ஓட்டை. பிறகு பூசணி. அத்தை தைத்துத் தைத்து அலுத்துப்போனார். முதலாளி பொறி வாங்கி வைத்தார். எலிகள் பொறியை விட்டுவிட்டு விதையைத் தின்றன. ஒரு நாள் கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது மூட்டையைத் தூக்கினார், அடி கிழிந்து விதையெல்லாம் கொட்டியது. "இத்தன மாசமா எங்கடா இருந்தீங்க எல்லாரும்?" என்று எலிகளைப் பார்த்துக் கத்தினார்.

நான் பின் அறையிலிருந்து வெளியே வந்தேன். "எள்ளு பிடிக்கல முதலாளி. வர விடல" என்றேன்.

அத்தை ஊசியைக் கையில் குத்திக்கொண்டார்.

"என்ன?" என்றார் முதலாளி.

"தினமும் காலைல எல்லா மூட்டையிலயும் கன்னத்தத் தேச்சுட்டுப் போகும். அந்த வாசனை இருக்கிற எடத்துக்கு எலி வராது. வந்தாத்தான பிடிக்கும்?"

அவர் கொட்டின விதையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத ஏன் அன்னிக்கே சொல்லல?"

"நீங்க கேக்கல."

"கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டா" என்றார் அத்தை, விரலைச் சப்பிக்கொண்டே.

மறுநாள் வந்த மில் வண்டிக்காரர், பூனை உத்தரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, யாரையும் அண்டவிடவில்லை, ஆள் போன பிறகுதான் சாப்பிடுகிறது என்றார். "நீயே போய்க் கூட்டிட்டு வா" என்று முதலாளி பேருந்துச் செலவுக்குக் கொடுத்தார். அத்தை கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். நடத்துநரிடம் நிறுத்தம் கேட்டேன், சைக்கிள் கடையில் வழி கேட்டேன். இரண்டாவது தடவை கேட்கும்போது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

மில்லில் எல்லாவற்றின் மேலும் மாவு. உத்தரத்தின் மேல் எள்ளு வெள்ளை எள்ளாக உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்தும் இறங்கவில்லை. "உன்னையும் மறந்துடுச்சு போல" என்று சிரித்தார் மில்காரர். நான் கூப்பிடவில்லை. காலி மூட்டையைப் போட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மில் ஓடிக்கொண்டே இருந்தது. எப்போது வந்ததென்று தெரியாது, என் முதுகில் ஒரு கனம் சாய்ந்தது. அது அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது, நான் இந்தப் பக்கம்.

இப்போது மறுபடியும் காலைச் சுற்று நடக்கிறது. முதலாளி அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறார்.

உன் இரண்டு ஜன்னலில் இன்னொன்று எந்தப் பக்கம் பார்க்கிறது?

தங்கை


அக்டோபர் 17

அன்புக் குட்டிக்கு,

நான் நலம். நீயா கேட்டாய் நடத்துநரிடம்? நீயேதானா? அறையில் படித்துக் காட்ட ஆளில்லாததால் எனக்கு நானே உரக்கப் படித்தேன்.

இன்னொரு ஜன்னல் தெருவைப் பார்க்கிறது. ஆனால் நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. எப்போது வருகிறாய்?

அக்கா


நவம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ தனியாக இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடு.

எள்ளுவுக்கு இடம் மாறினால் ஒத்துக்கொள்ளாது, அதனால் வர முடியாது என்று முதலில் ஒரு கடிதம் எழுதினேன். அதைக் கிழித்துவிட்டேன். எள்ளுவுக்கு ஒத்துக்கொள்ளாது என்பது உண்மைதான். ஆனால் நீ கேட்டது என்னை.

நான் வரவில்லை அக்கா.

அம்மா போன பிறகு எனக்காகப் பேசியதெல்லாம் நீதான். பால்காரரிடம், ஆசிரியரிடம், பக்கத்து வீட்டாரிடம். நீ அப்படிப் பேசாமல் இருந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ. உன் அறையில் நான் யாரிடமும் பேச வேண்டியதில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, எனக்கு இப்போது பேச வேண்டும்.

முதலாளி என்னைக் காலையில் கல்லாவுக்கு முன்னால் நிற்கவைத்திருக்கிறார். எந்த விதையை எப்போது போடுவது, எவ்வளவு ஆழம் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். இன்னமும் சில நாட்களில் குரல் உள்ளே போய்விடுகிறது. அப்போது எள்ளு அலமாரியிலிருந்து இறங்கி வந்து தராசுக்குப் பக்கத்தில் உட்காரும், எல்லோரும் அதைப் பார்ப்பார்கள், அதற்குள் குரல் திரும்பி வந்துவிடும். இங்கேயும் மாலை வகுப்பு இருக்கிறதா என்று நானே போய் விசாரித்துக்கொள்கிறேன்.

சிவப்புப் பட்டையைப் பற்றி நீ திரும்பத் திரும்பக் கேட்டாய். ஜூனிலேயே அது கழுத்தை இறுக்கியது. கழற்றிவிட்டேன். குட்டிக்கு நீ அளவு பார்த்து வாங்கியது, இனி போதாது என்று உன்னிடம் சொல்ல மனம் வரவில்லை. பத்திரமாக வைத்திருந்தேன், இதோடு அனுப்புகிறேன். மணி நன்றாக அடிக்கிறது.

விதைப்பு முடிந்ததும் பத்து நாள் வந்து உன் இரண்டாவது கட்டிலில் படுப்பேன். வெயில் வருகிற ஜன்னல் எனக்கு.

அன்புடன்,
தங்கை


நவம்பர் 19

அன்புத் தங்கைக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். அத்தையின் விரலில் குத்தின இடம் ஆறிவிட்டதா?

உன் கடிதத்தைப் படித்து முதலில் கோபம் வந்தது. துணி மடிக்கிற பெண்களிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். பிறகு அறைக்கு வந்து விளக்குப் போட்டால் இரண்டு கட்டில், ஒன்று விரித்தபடியே இருக்கிறது. உனக்காகத்தான் உன்னைக் கூப்பிடுகிறேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பூனைக்குட்டி கத்தி அழுததாக நீ முதல் கடிதத்தில் எழுதியிருந்தாயே, கிளம்பிய அன்று பேருந்தில் நானும் இந்த ஊர் வந்து சேரும் வரை அழுதேன். அதை உனக்கு எழுதியதில்லை.

இதுவரை நீ எனக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் 'இல்லை' என்ற பதில் இருந்ததில்லை. எழுத்து நிமிர்ந்து நிற்கிறது. பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

எதிர் மேசைப் பெண்ணுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். மாவு மில் வந்ததும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "உன் தங்கச்சியா இப்படி?" என்றாள். ஆமாம் என்றேன்.

மணியைக் கதவில் மாட்டியிருக்கிறேன். பத்து நாளோ இரண்டு நாளோ, உனக்குத் தோன்றும்போது வா. தேதி கேட்டு எழுத மாட்டேன், கூப்பிடவும் மாட்டேன். நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பேன். காது மட்டும் கதவுப் பக்கம் இருக்கும்.

அன்புடன்,
அக்கா